ஜப்பானியப் பள்ளியில் துணை ஆங்கில ஆசிரியர் வேலையை ஏற்கலாமா?

கேள்வி: உறையூர்ப் பெண்

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றிவிட்டு, கணவரின் மென்பொருள் வேலையை முன்னிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானுக்கு வந்தேன். இப்போது சைதாமா மாகாணத்தில் வசிக்கிறோம். குடும்பச் சார்பு விசாவில் இருப்பதால் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் நான் வேலை செய்யக் கூடாது. அந்த எல்லைக்குள் ஒரு கிடங்கில் துணிகளுக்கு விலைச்சீட்டு இணைக்கும் வேலை பார்த்து வருகிறேன்.

சென்ற மாதம், பள்ளிகளுக்குத் துணை மொழி ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் என்னை நேர்காணலுக்கு அழைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழ்களை வாங்கிப் பார்த்த பின், வரும் ஏப்ரல் முதல் இரண்டு தொடக்கப் பள்ளிகளிலும் ஒரு நடுநிலைப் பள்ளியிலும் ஏ.எல்.டி. எனப்படும் துணை மொழி ஆசிரியர் பணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதச் சம்பளம் 2,30,000 யென். ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் பாதி. விசாவை முழுநேர வேலைக்கு உரியதாக மாற்றிக்கொள்ளவும் உதவுவதாகச் சொல்கிறார்கள். பதில் சொல்ல இரண்டு வார அவகாசம் இருக்கிறது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனாலும் மனம் ஒரு நிலையில் இல்லை. ஊரில் ஒரு வகுப்பு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. பாடக்குறிப்பு எழுதுவது முதல் விடைத்தாள் திருத்துவது வரை எல்லாவற்றையும் நானே செய்தேன். இங்கோ பதவிப் பெயரிலேயே 'துணை' என்ற சொல் இருக்கிறது. நேர்காணலின்போது காட்டிய காணொளியில், ஜப்பானிய ஆசிரியர் சைகை காட்டியதும் வெளிநாட்டு ஆசிரியர் ஒரு சொல்லை உரக்கச் சொல்கிறார், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள், பிறகு அவர் ஓரமாக நிற்கிறார். ஆண்டு முழுவதும் இதுதான் என் வேலை என்றால் தாங்கிக்கொள்வேனா என்று தெரியவில்லை.

இன்னும் சில கவலைகளும் இருக்கின்றன. 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும்' என்ற வரியைப் பல விளம்பரங்களில் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளும் ஆசிரியர்களும் என்னை எப்படி ஏற்பார்கள் என்ற அச்சம் வந்துவிட்டது. நான் சைவ உணவு மட்டுமே உண்பவள்; மதிய உணவைப் பிள்ளைகளோடு வகுப்பறையில் அமர்ந்து உண்பதுதான் வழக்கம் என்கிறார்கள். என் மகளும் அதே ஏப்ரலில்தான் முதல் வகுப்பில் சேர்கிறாள். இந்த வேலையில் இருப்பவர்கள், அல்லது இருந்து விலகியவர்கள், நல்லது கெட்டது என்று பொதுவாகச் சொல்லாமல், காலை முதல் மாலை வரை ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.


பதில்: பனிச்சாரல்

சகோதரி, வணக்கம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் அரசுத் திட்டமான ஜெட் திட்டத்தின் வழியாக நீகாத்தா மாகாணத்தின் மலையோரச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து இது ஐந்தாம் ஆண்டு. அத்திட்டம் அனுமதிக்கும் கடைசி ஆண்டும் இதுவே. 1987இல் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேருடன் தொடங்கிய அத்திட்டத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம். என் நியமனம் உங்களுடையதிலிருந்து வேறுபட்டது என்பதால் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் பள்ளி வாயிலில் காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, கட்டடத்துக்குள் மட்டும் அணியும் காலணியை மாட்டிக்கொள்வேன். ஆசிரியர் அறையின் கதவைத் திறந்ததும் 'ஒஹாயோ கொசைமாஸ்' என்று அறை முழுவதற்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் அதைத் தயக்கத்தோடு முணுமுணுத்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்காததால் என்னை ஒதுக்குகிறார்கள் என்று எண்ணி வருந்தினேன். அடுத்த மேசையிலிருந்த கணித ஆசிரியர்தான், என் குரல் யாருக்கும் கேட்பதில்லை என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். எல்லா ஆசிரியர்களின் மேசைகளும் ஒரே கூடத்தில் இருப்பதால் அந்த அறையில்தான் பள்ளியின் உயிர் இருக்கிறது. நாள்தோறும் உரக்கச் சொல்லும் வணக்கமும், வெளியூர் சென்று வந்தால் ஆளுக்கொன்றாக மேசையில் வைக்கும் சிறு தின்பண்டமும், மாலையில் கிளம்பும்போது 'முன்னதாகச் செல்கிறேன், பொறுத்தருள்க' என்னும் பொருளில் சொல்லும் 'ஒசாகி நி ஷித்சுரெய் ஷிமாஸ்' என்ற வாக்கியமும் உங்களை அந்த அறைக்கு உரியவராக்கும்.

உங்கள் முதன்மையான கவலைக்கு வருகிறேன். அந்தக் காணொளியில் பார்த்தது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். 2020இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி தொடக்கப் பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளைகளும், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளைகளும் ஆங்கிலத்துக்கு உண்டு. பெரும்பாலும் வகுப்பாசிரியரே இதையும் நடத்துகிறார். கணிதம், இசை, நீச்சல் என்று எல்லாவற்றையும் கற்பிக்கும் அவர் ஆங்கிலம் கற்பிக்கத் தனிப் பயிற்சி பெற்றவராக இருப்பது அரிது. ஆகவே சட்டப்படி பொறுப்பு அவருடையதாக இருந்தாலும், வகுப்பு தொடங்கியதும் அவர் கண்கள் உங்களைத்தான் தேடும். ஆறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற உங்கள் அனுபவத்துக்கு அங்கே முழு வேலை இருக்கிறது. நடுநிலைப் பள்ளி வேறு. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு முன்னால் நிற்பதால் இலக்கணமும் வாசிப்பும் முந்திக்கொள்ளும். சில ஆசிரியர்கள் உங்களை உரக்கப் படிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2018இல் நடத்திய ஆய்வின்படி ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார். ஆய்வில் பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் மிக அதிகம். உங்களோடு அமர்ந்து பாடம் திட்டமிட அவருக்கு நேரமே இல்லை. மணி அடித்த பின் நடைகூடத்தில் நடந்துகொண்டே பேசும் இரண்டு நிமிடங்கள்தான் கிடைக்கும். எந்தப் பாடத்திலும் பொருந்தக்கூடிய, ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சுப் பயிற்சிகள் சிலவற்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். 'இன்று ஐந்து நிமிடம் தருவீர்களா' என்று கேட்டால் மறுத்தவர் இதுவரை எவருமில்லை. அந்த ஐந்து நிமிடம் ஓர் ஆண்டில் பதினைந்தாக வளர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த வகுப்பறையில் கிடைக்கும் ஒரு வசதியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்பிள்ளைகள் 'டெஸ்க்' என்பதை 'டெசுகு' என்றும், 'மில்க்' என்பதை 'மிருகு' என்றும் சொல்வார்கள். ஜப்பானிய எழுத்துகளில் 'ன்' என்னும் மூக்கொலியைத் தவிர ஏறக்குறைய எல்லாமே உயிரில் முடிபவை. மெய்யைத் தனியாக எழுத வழியில்லை. என்னோடு பணிக்கு வந்த அமெரிக்க நண்பருக்கு இது விளங்கவே பல மாதங்கள் ஆயின. 'பஸ்ஸு', 'பாங்கு', 'டெஸ்க்கு' என்று சொல்லும் பாட்டியோடு வளர்ந்த எனக்கோ முதல் நாளே விளங்கியது. 'தெஸு' என்று முடியும் அவர்களுடைய வாக்கியங்களில் கடைசி உகரம் பாதியில் தேய்ந்து போவதைக் கேட்டால், குற்றியலுகரம் படித்த எவருக்கும் புன்னகை வரும். ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் அயல்மொழிச் சொற்களை எழுதும் கதாகனா எழுத்துமுறையில் 'கு' என்று ஒலிக்கும் எழுத்தை எழுதி, அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். என் மொழியில் இப்படிப் புள்ளி வைத்தால் உயிர் நீங்கிவிடும் என்று சொல்லி, 'க்' என்று ஒலித்துக் காட்டினேன். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் தங்கள் குறிப்பேடுகளில் புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்துக்குக் கதாகனாவில் ஒலிக்குறிப்பு எழுதுவதையே விரும்பாத ஆசிரியர்களும் உண்டு, ஆகவே வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அதேபோல, 'ஐ சாக்கர் லைக்' என்று ஒரு பிள்ளை எழுதினால் அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று நமக்கு உடனே தெரியும். நம் வாக்கியத்திலும் வினை கடைசியில்தானே நிற்கிறது.

மதிய உணவுக்குப் பின் துப்புரவு நேரம். வகுப்பறை, நடைகூடம், கழிப்பறை எல்லாவற்றையும் மாணவர்களே தூய்மை செய்கிறார்கள். துணை ஆசிரியர் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நான் முதல் ஆண்டிலிருந்தே நடுநிலைப் பள்ளியில் மாடிப்படி துடைக்கும் குழுவோடு சேர்ந்துகொண்டேன். அதில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. எழுப்பிக் கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்து நிற்பாள். வகுப்பு முழுவதும் அந்த மௌனத்துக்குள் காத்திருக்கும். நான் துணி பிழியும் முறை அவளுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. என் கையிலிருந்து துணியை வாங்கி, நெடுக்குவாக்கில் பிடித்து முறுக்கிக் காட்டினாள். மறுநாள் அப்படியே பிழிந்து, 'லைக் திஸ்?' என்று கேட்டேன். 'நோ. மோர்' என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள், ஆங்கிலத்தில். வகுப்பில் அவள் பேசத் தொடங்கியது அதற்கும் நான்கு மாதங்கள் கழித்துத்தான். நேர அட்டவணையில் இல்லாத இதைத்தான் நான் என் வேலையின் மையம் என்று கருதுகிறேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் என் வேலை நேரம் முடிகிறது. மற்றவர்கள் இரவு வரை இருக்கும்போது எழுந்து செல்வது முதலில் உறுத்தும். உங்களுக்குக் குழந்தை காத்திருக்கிறது, உறுத்தாமல் கிளம்புங்கள்.


பதில்: நாகோயாவில் பத்தாண்டு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மேலே எழுதிய நண்பர் சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் அந்த மாடிப்படியில் மன அமைதியோடு துணி பிழிய வேண்டுமானால், கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். நான் உரையாடல் ஆங்கிலம் கற்பிக்கும் தனியார் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகளும், உங்களை அழைத்திருப்பது போன்ற ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளும் இருந்தேன். இப்போது ஒரு நகராட்சியின் நேரடி நியமனத்தில் இருக்கிறேன்.

முதலில் ஒப்பந்தம் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் உங்களை ஊழியராக வைத்துப் பள்ளிக்கு அனுப்பும் 'ஹகென்' முறை என்றால், பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். கல்வி வாரியம் பணியை மொத்தமாக நிறுவனத்திடம் ஒப்படைக்கும் 'கியோமு இத்தாகு' முறை என்றால், பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக அறிவுறுத்தல் தருவது சட்டப்படி தவறு. நடைகூடத்தில் பேசும் அந்த இரண்டு நிமிடத்துக்குக்கூட இடமில்லாமல் போகும். நான் இந்த இரண்டாம் முறையில் ஓர் ஆண்டு இருந்தேன். வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது நிறுவனத்திலிருந்து தாளில் வரும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வார். அந்த ஆண்டின் தனிமை எனக்கு இன்றும் வலிக்கிறது. இதிலும் மோசமானது, உங்களையே தனி ஒப்பந்ததாரராகக் கணக்கிடும் முறை. அதில் ஊழியர் என்ற பாதுகாப்பே கிடையாது. அப்படி இருந்தால் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது காப்பீடு. வேலை நேரம் வாரத்துக்கு எத்தனை மணி என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 29.5 என்று இருந்தால் காரணம் இருக்கிறது: முழுநேர ஊழியரின் 40 மணி நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி நேரம் ஆகிவிட்டால், ஷாகாய் ஹோகென் என்னும் சமூகக் காப்பீட்டில் சேர்த்து நிறுவனம் பாதித் தொகையைக் கட்டியாக வேண்டும், அதைத் தவிர்க்கவே பலர் அரை மணி குறைத்தார்கள். இன்று அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வாரம் 20 மணி நேரம் முதலான சில நிபந்தனைகளை நிறைவு செய்யும் ஊழியரைச் சேர்த்தாக வேண்டும் என்னும் விதி 2016இல் குறைந்தது 501 ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு வந்தது. 2022 அக்டோபரில் 101 ஆகவும், 2024 அக்டோபரில் 51 ஆகவும் அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு இது கூடுதலாக முக்கியம். இப்போது நீங்கள் கணவரின் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் தனியாகப் பணம் கட்டாமல் அடங்கியிருப்பீர்கள். உங்கள் ஆண்டு வருமானம் 13,00,000 யென்னைத் தாண்டினால் அதிலிருந்து வெளியேற வேண்டும். நிறுவனம் சேர்க்காவிட்டால் தேசிய ஓய்வூதியத்துக்கு மட்டும் மாதம் 17,000 யென் சொச்சமும், அதற்கு மேல் நகராட்சியின் மருத்துவக் காப்பீடும் முழுக்க உங்கள் கையிலிருந்து போகும். நிறுவனம் சேர்த்தால் உங்கள் சம்பளத்தில் ஓய்வூதியப் பங்கு 9.15 சதவீதம், அதாவது சுமார் 22,000 யென் பிடிப்பார்கள். அதே அளவு நிறுவனமும் கட்டும், பின்னாளில் கிடைக்கும் ஓய்வூதியமும் கூடும். மாதச் சம்பளத்தைப் பார்க்காமல், ஆகஸ்டின் பாதியைக் கழித்து, இவற்றையும் கழித்து, ஆண்டுக்குக் கைக்கு வருவது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் வருவதால் இரண்டாம் ஆண்டு ஜூனில்தான் அதன் சுமை தெரியும்.

விசா மாறிய பிறகு வேலை போனால், 14 நாட்களுக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணவர் இங்கு இருப்பதால் மீண்டும் சார்பு விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. தனியாக வந்தவர்களுக்கு இல்லாத ஆறுதல் இது.

தனியார் உரையாடல் பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்: அங்கே வேலை பிற்பகலில் தொடங்கி இரவு ஒன்பது மணிக்கு முடியும், ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இயலாது. பொதுப் பள்ளியில் ஓரிரண்டு ஆண்டு நன்றாகப் பணி செய்து, ஜப்பானிய மொழியையும் வளர்த்துக்கொண்டால், நகராட்சிகளின் நேரடி நியமனத்துக்கு முயலலாம். 2020 ஏப்ரல் முதல் அது நிதியாண்டு வாரியான நியமனமாக ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் கவலை அதிலும் உண்டு. ஆனால் பள்ளியில் நீங்கள் யாருடைய ஆள் என்ற கேள்வி எழாது.


பதில்: சிபாவிலிருந்து ஒரு தாய்

தோழி, நானும் கணவரோடு வந்தவள்தான். மூன்று ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன், நானும் சைவம். உங்கள் நிலை என்னுடையதே என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மகளைப் பற்றி முதலில். நகராட்சி அலுவலகத்தில் கக்குதோ என்னும் பள்ளிக்குப் பிந்தைய காப்பகத்துக்கு இன்றே விசாரியுங்கள். பல ஊர்களில் ஏப்ரலில் சேர்வதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். வேலைச் சான்று கேட்பார்கள். நிறுவனத்திடம் எழுதி வாங்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரலின் தொடக்க வாரங்களில் மிகச் சீக்கிரமே வீடு திரும்புவார்கள். அதோடு, சட்டப்படியான ஊதிய விடுப்பு பத்து நாள் என்பது ஆறு மாதம் பணி செய்த பின்னரே கிடைக்கும். மகளின் பள்ளி நுழைவு விழாவோ உங்கள் பணியின் முதல் வாரத்தில் வரக்கூடும். அந்த ஒரு நாளை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. என் மகனின் நுழைவு விழாவன்று வேறொரு பள்ளியில், வேறு பிள்ளைகளின் நுழைவு விழாவில் கைதட்டிக்கொண்டு நின்றேன். அந்த நாள் திரும்ப வராது.

உணவு விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். பள்ளி உணவில் இறைச்சி இல்லாத நாள்களிலும், சூப்பிலும் காய்கறியிலும் உலர்ந்த மீனில் எடுத்த தாஷி சாறு இருக்கும்; பிரித்து உண்ண முடியாது. பணி தொடங்குமுன்பே துணைத் தலைமையாசிரியரிடம், வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்து பிள்ளைகளோடு அமர்ந்து உண்கிறேன் என்று கேளுங்கள். என் மூன்று பள்ளிகளிலும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத்தான் விளக்கம் தேவைப்படும், ஏனென்றால் மிச்சம் வைக்காமல் உண்ண வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்; நீங்கள் மட்டும் வேறு உண்பது அவர்களுக்குப் புரியாத புதிர். 'எனக்குப் பிடிக்காது' என்று சொல்லாதீர்கள், 'என் குடும்பத்தில் உண்பதில்லை' என்று சொல்லுங்கள். முதல் வாரம் என் டப்பாவைச் சுற்றி ஆறேழு தலைகள் கூடின. எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, ஜப்பானியர் உண்ணும் 'கரே' குழம்பு என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். கோடையில் தயிர்ச்சாதம் கொண்டுபோவதானால் பனிக்கட்டிப் பை வைத்துக் கட்டுங்கள். இங்கே ஜூலை வெயிலில் பகலுக்குள் புளித்துவிடும். பருப்பும் மசாலாப் பொருள்களும் வாங்க நான் டோக்கியோவின் நிஷி கசாய் வரை மாதம் ஒரு முறை போகிறேன்.

அந்த 'தாய்மொழி' விளம்பரங்கள் உங்களை வருத்துவதுபோல என்னையும் வருத்தின. வகுப்பறைக்குள் போன பிறகு பிள்ளைகள் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நாள்தோறும் 'கரே' உண்பீர்களா என்பார்கள். இந்தியர்கள் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை சொல்வார்களாமே என்று பதினேழைப் பதினெட்டால் பெருக்கச் சொல்வார்கள். என் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டவர்கள் பெரியவர்களே. ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர், என் உச்சரிப்பைப் பிள்ளைகள் பின்பற்றலாமா என்று என் முன்னாலேயே மற்றொருவரிடம் கேட்டார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்று எண்ணிவிட்டார். அன்று இரவு அழுதேன். மறுநாள் பாடநூலின் மின்பதிப்பில் உள்ள ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டு, என் அழுத்தங்களை அதோடு ஒப்பிட்டேன். சொல்லின் எந்த அசையில் அழுத்தம் வர வேண்டும் என்பதில் நமக்கும் சில பழக்கங்கள் இருக்கின்றன, அவற்றைத் திருத்திக்கொண்டேன். 'டவுட்' என்று நாம் சொல்லும் இடத்தில் 'கொஸ்டின்' என்று சொல்லப் பழகினேன். இதை அவமானமாகக் கருதாதீர்கள், கற்பிப்பவர் கற்றுக்கொண்டே இருப்பதுதான். நாமும் ஆங்கிலத்தைப் பள்ளியில் உட்கார்ந்து, தவறு செய்து, திட்டு வாங்கிக் கற்றவர்கள். ஒரு பிள்ளை வாய் திறக்க ஏன் அஞ்சுகிறது என்பது நமக்குத் தெரியும். நானும் பத்து வயதில் இப்படித்தான் நின்றேன் என்று பிள்ளைகளிடம் ஒரு முறை சொன்னேன். வகுப்பாசிரியர் அதை மொழிபெயர்த்தபோது அவர் குரலும் சற்று மாறியது.


மறுமொழி: உறையூர்ப் பெண்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒப்பந்தம் ஹகென் முறைதான், வாரத்துக்கு 29.5 மணி நேரம். ஊழியர் எண்ணிக்கை 51க்கு மேல் என்பதால் சமூகக் காப்பீட்டில் சேர்ப்போம் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. நுழைவு விழா நாளைப் பற்றி இன்னும் பதிலில்லை. கக்குதோ விண்ணப்பத்துக்கு எங்கள் நகரில் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. சிபாத் தோழி எழுதியிருக்காவிட்டால் தவறவிட்டிருப்பேன்.

பனிச்சாரல் அவர்களுக்கு ஒரு கேள்வி. முதல் நாள் பாடவேளையில் தன்னறிமுகம்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். படங்கள் காட்டுவது தவிர வேறு என்ன செய்யலாம்?


பதில்: பனிச்சாரல்

படங்களும் வேண்டும். மலைக்கோட்டைப் படம் ஒன்றையும், பத்து ரூபாய் நாணயங்களையும் கொண்டுபோங்கள். கையில் தொட்டுப் பார்க்கும் பொருளைப் பிள்ளைகள் மறப்பதில்லை. ஆனால் நான் ஆண்டுதோறும் செய்வது ஒன்று உண்டு. பிள்ளைகளை அவர்களுடைய எழுத்து வரிசையைச் சொல்லச் சொல்வேன்: அ, இ, உ, எ, ஒ. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அவற்றைத் தமிழில் கரும்பலகையில் எழுதுவேன். பிறகு அவர்களுடைய மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வரிசையோடு வைத்துப் பாருங்கள். அந்த ஹகரமும் பழங்காலத்தில் பகரமாக ஒலித்ததே. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு வந்த சித்தம் எழுத்தைக் கற்ற துறவிகளின் வழியாக இந்த ஒலி வரிசை ஜப்பானுக்கு வந்தது. வகுப்பாசிரியர்களில் பெரும்பாலோர்க்கு இது புதுச் செய்தி, ஆகவே அவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பார்கள். அதன் பின் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு சிறு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அட்டையை வாங்க வரும்போது, தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் விதி. முப்பது பேர் இருந்தால் நேரம் சரியாக இருக்கும். அட்டைகளைத் தடித்த தாளில் வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் பைக்குள் கசங்கிவிடுகிறது என்று என்னிடம் வந்து இரண்டாம் முறை கேட்டவர்கள் உண்டு.


மறுமொழி: உறையூர்ப் பெண்

நுழைவு விழாவன்று முன்பகல் விடுப்பு தருவதாக இன்று காலை எழுதிவிட்டார்கள். நாளை நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செல்கிறேன். மகள் தன் பெயர் அட்டையை இப்போதே வேண்டும் என்று கேட்டு, முதல் அட்டையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.